கரும்புச் சக்கையும் பழைய நோட்டும்

முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே வீட்டில் பழைய நோட்டுகள் குவிந்துவிடும். இத்தனை வருஷமாக அவற்றை வெந்நீர் அடுப்புக்குத்தான் கொடுத்து வந்தேன். விறகு மிச்சம் என்று பெருமை வேறு! இந்த வருஷம் என் மகள் தடுத்தாள். "ஏம்மா எரிக்கிறே? அந்தப் பேப்பரே கரும்புச் சக்கையில செஞ்சதா இருக்கும். எடைக்குப் போட்டா மறுபடி பேப்பராகுமே!"

சக்கையில் காகிதமா? எங்கள் குச்சனூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற இடத்தில், சக்கையை உலர்த்திக் கொப்பரைக்கு அடியில் தள்ளித்தான் பார்த்திருக்கிறேன். விசாரித்தேன். கரூர் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் இருக்கிறது. தமிழக அரசு 1979-ல் தொடங்கியது. 1984-ல் உற்பத்தி ஆரம்பம். மரத்தையே நம்பாமல், சர்க்கரை ஆலைச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துக் காகிதம் செய்து காட்டினார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, சகோதரிகளே. சர்க்கரை ஆலையின் கொதிகலன் எரிவதே சக்கையால்தான். அதை வாங்கிக்கொண்டால் பதிலுக்கு எரிபொருள் தர வேண்டும், நிலக்கரி கொடுத்தார்கள். மரம் பிழைத்தது சரி, புகை? போதாததற்கு, காகித ஆலையிலும் கூழை வேகவைக்க, ஈரத்தாளை உலர்த்த, எல்லாவற்றுக்கும் நீராவி வேண்டும். அங்கும் கரி எரிந்தால் கரியமில வாயு கிளம்பத்தானே செய்யும்?

அதைக் குறைக்க அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சக்கையைக் கழுவிய அழுக்குத் தண்ணீரை மூடிய தொட்டியில் விட்டு, நம் சாண எரிவாயு மாதிரியே வாயு பிடிக்கிறார்கள். அது மீத்தேன், சும்மா விட்டால் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதைச் சுண்ணாம்புச் சூளையில் எரிப்பதால் உலை எண்ணெய் மிச்சம். கூழ் வெந்தபின் மிஞ்சும் கறுப்புச் சாற்றைக்கூட வற்றவைத்து எரித்து நீராவி எடுக்கிறார்கள். கழனித் தண்ணீரையும் கீழே கொட்டாத மாமியார் இருக்கிற வீடு போல!

பழைய தாள் என்றால் இன்னும் சுலபம். நார் ஏற்கெனவே வெந்து பக்குவப்பட்டது. ஊறவைத்துக் கரைத்து மையை நீக்கினால் கூழ் தயார்; எரிபொருள் குறைவு. ஒவ்வொரு தடவையும் நார் குட்டையாகிக்கொண்டே போகும் என்பதால் காலத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது. ஆனால் முதல் தடவையிலேயே அடுப்பில் போட்டால் அந்த நார் அத்தோடு போச்சு.

எடைக்குப் போடுமுன் பிளாஸ்டிக் ஒட்டிய அட்டையைக் கிழித்துவிடுங்கள். நனையாமல் வையுங்கள். பஜ்ஜி எண்ணெய் குடித்த தாளைச் சேர்க்காதீர்கள். நல்ல தாளையும் கெடுத்துவிடும்.

எழுதாத பக்கங்களைப் பிரித்துக் கோணி ஊசியால் தைத்தேன். மூன்று ரஃப் நோட்டு தேறியது. ஒன்று எனக்குப் பால் கணக்கு எழுத. வெந்நீர் அடுப்புக்குத் தென்னை மட்டை இருக்கவே இருக்கிறது.