சிவப்புத் தட்டானும் வைட்டமின் சி-யும்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தட்டானைத் துரத்திப் படமெடுக்க முடியாது. பெரிய இனங்களில் ஒரு கண்ணுக்கு 30,000 வரை நுண்வில்லைகள். பின்னால் பதுங்கிப் போனாலும் தெரிந்துவிடும். துரத்தவும் வேண்டியதில்லை. கோரை நுனியில் உட்கார்ந்திருக்கும் சிவப்பு ஆண் தட்டான் விருட்டென்று எழும்பி, ஒரு கொசுவைப் பிடித்தோ போட்டிக்கு வந்த இன்னோர் ஆணை விரட்டியோ, பெரும்பாலும் அதே நுனிக்குத் திரும்பிவிடும். காலியான நுனியில் ஃபோகஸ் வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

மார்கழி, தை மாதக் காலைகளில் இன்னும் சுலபம். நெஞ்சுப் பகுதியிலுள்ள பறக்கும் தசைகள் சூடேறினால்தான் இறக்கை அடிக்க முடியும். அதுவரை மேலெல்லாம் பனித்துளியோடு அசையாமல் இருக்கும்.

உச்சிப்பொழுதில் சிக்கல் தலைகீழாகிறது. தட்டானும்தான். நாம் வால் என்று சொல்லும் வயிற்றுப் பகுதியைச் சூரியனுக்கு நேராகத் தூக்கி, தலையைத் தாழ்த்தி நிற்கும். அப்போது அதன் நிழலைக் கவனியுங்கள்: நீளக் கோடாக விழுந்தது சிறு பொட்டாகச் சுருங்கியிருக்கும். வெயில் படும் பரப்பும் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தச் சிவப்புக்கும் ஒரு கதை உண்டு. இந்த ஆண் பிறவிச் சிவப்பு அல்ல. புழுப்பருவம் முடிந்து நீரைவிட்டு வெளியேறும்போது மஞ்சள்தான். பருவம் அடையும்போதுதான் சிவக்கிறது. புதிய நிறமி எதுவும் வேண்டியதில்லை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். தோலுக்கடியில் இருக்கும் அதே நிறமி எலக்ட்ரான் ஏற்று மஞ்சளிலிருந்து சிவப்பாகிறது. நறுக்கிய வாழைக்காய் காற்றுப்பட்டுக் கறுப்பது ஆக்சிஜனேற்றம். இது அதற்கு நேரெதிரான ஒடுக்கம். மஞ்சள் தட்டானுக்குள் வைட்டமின் சி-யை ஊசியில் ஏற்றினார்கள், சிவந்துவிட்டது! பெண்ணுக்குச் செலுத்தியபோதும் அப்படியே. நாள் முழுக்க வெட்டவெளியில் எல்லை காக்கும் ஆணுக்கு இந்த ஒடுக்கப்பட்ட நிறமி வெயிலின் சேதத்தைத் தடுக்கவும் உதவலாம் என்பது அவர்கள் ஊகம்.

பெண்ணோ கடைசிவரை மங்கல் மஞ்சள். கரையைவிட்டுத் தள்ளியிருக்கும் புல்லிலும் புதரிலும் இரை தேடித் திரியும். இணைசேரவும், வயிற்று நுனியால் தண்ணீரைத் தட்டித் தட்டி முட்டையிடவும்தான் நீர்ப்பக்கம் வரும். ஆகவே தண்ணீருக்கு முதுகைக் காட்டித் தேடினால்தான் அதைப் படமெடுக்க முடியும். நம்மவர்களின் தட்டான் ஆல்பங்களில் பத்துக்கு ஒன்பது ஆண்களாக இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.