மார்பினும் நிலவாகையும்

புற்றுநோய் முற்றித் துடிக்கும் நோயாளிக்கு மார்பின் கொடுக்க நமது வைத்தியசாலைகள் பல இன்னும் தயங்குகின்றன. அபினியினின்று எடுக்கப்படும் அம்மருந்து வலியை அடக்கும். ஆனால் குடலைக் கட்டிவிடும். மலச்சிக்கலின் உபத்திரவம் தாளாமல் மருந்தையே விட்டுவிடுவோர் உண்டு. இதற்குப் பரிகாரம் திருநெல்வேலிச் சீமையில் விளைந்து கப்பலேறும் நிலவாகை இலையிலேயே இருக்கிறது. அதன் சத்தை மார்பினுடன் ஆரம்பமுதலே வைத்தியர் அளவறிந்து கொடுப்பது மேனாடுகளிலும் வழக்கம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரண்டும் உள்ளன.

1985-ம் வருஷத்துப் போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடியைப் பார்லிமெண்டு 2014-ல் தளர்த்திவிட்டது. சட்டம் தளர்ந்தும் அச்சம் தளரவில்லை. அபினியும் நமது தேசத்தில் விளைகிறது, இலையும் விளைகிறது. இவ்விரண்டும் இருக்க நோயாளியை அலறவிடுவது தர்மமாகுமா? ஜில்லா ஆஸ்பத்திரிகள்தோறும் இரண்டையும் சேர்த்தே வைக்கவேண்டுமென வற்புறுத்துகிறோம்.