தரையைக் கொடுத்துத் தண்ணீரை வாங்கிய பறவை

கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் ஒருபுறம் அரச முகம். மறுபுறம் ஏரியில் மிதக்கும் ஒரு பறவை. 1987-ல் வெளிவந்த அந்த நாணயத்தில் முதலில் பொறிக்க இருந்தது படகோட்டிகளின் உருவம்தான். அதற்கான அச்சுகள் ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக் நாணயச் சாலைக்குப் போகும் வழியில் 1986-ல் காணாமல் போயின. கள்ளக்காசு அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் வடிவத்தையே மாற்றினார்கள். ஓவியர் ராபர்ட்-ரால்ஃப் கார்மைக்கேல் வரைந்த லூன் பறவை அப்படித்தான் காசில் ஏறியது. டொரண்டோ தமிழ்க் கடைகளில்கூட அந்தக் காசுக்குப் பெயர் ‘லூனி’தான்.

காசில் பளிச்சென்று தெரிகிற இந்தப் பறவை, ஏரியில் அவ்வளவு சுலபமாகப் பிடிபடாது. வாத்து என்றோ நீர்க்காகம் என்றோ நினைத்துக் கடந்துவிட வாய்ப்பு அதிகம்.

உலகில் லூன் இனங்கள் ஐந்து. ஐந்தும் வடகோளத்துக் குளிர்ப் பகுதிகளில் முட்டையிடுபவை. நாணயத்தில் இருப்பது ‘காமன் லூன்’. பிரிட்டனில் இதையே ‘கிரேட் நார்தர்ன் டைவர்’ என்பார்கள். கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள், கிரீன்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய இடங்களின் நன்னீர் ஏரிகளில் கோடையைக் கழிக்கும். ஏரிகள் உறையும்முன் கடலுக்குப் போய்விடும். மினசோட்டா 1961-லேயே இதைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது.

நிறத்தை நம்பாதீர்கள்

கோடையில் அடையாளம் காண்பதில் சிரமமே இல்லை. கரிய தலை, சிவந்த கண், கழுத்தில் வெள்ளைக் கோடுகளால் ஆன பட்டை, கரிய முதுகில் வரிசை வரிசையாக வெள்ளைக் கட்டங்கள். குளிர்காலம் வந்ததும் இந்த அலங்காரம் எல்லாம் போய்விடும். மேலே சாம்பல், கீழே வெள்ளை. இளம் பறவைகளுக்கும் ஏறக்குறைய இதே தோற்றம்தான். அப்போது கைகொடுப்பது உருவமும் பழக்கமும்.

முதலில் அலகு. காமன் லூனுக்கு அது தடித்து, நேராக, கூர்மையாக இருக்கும். தண்ணீருக்கு இணையாக நீட்டியபடி நீந்தும். மெல்லிய அலகைச் சற்றே மேல்நோக்கித் தூக்கி வைத்திருந்தால் அது செங்கழுத்து லூன். அதே தூக்கலோடு, பருத்த அலகு மஞ்சளாகவோ தந்த நிறமாகவோ இருந்தால் மஞ்சள் அலகு லூன். நீர்க்காகத்துக்கு அலகு நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். கரையேறிச் சிறகை விரித்துக் காயவைக்கும். லூன் அப்படி உட்காரவே உட்காராது. நம் ஊர்க் குளங்களில் இருக்கும் முக்குளிப்பானும் வால் பக்கம் தள்ளி அமைந்த கால்கொண்ட முக்குளிக்கும் பறவைதான். ஆனால் அதன் விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனி மடல்களாக இருக்கும். லூனுக்கோ முன்விரல்கள் மூன்றையும் ஒரே சவ்வு இணைக்கிறது.

பறக்கும்போது பார்த்தால் தலையும் கழுத்தும் உடம்பைவிடச் சற்றுத் தாழ்ந்து, முதுகு கூன் விழுந்தாற்போல் தெரியும். கால்கள் வாலுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும்.

முக்குளிக்கவே பிறந்த உடம்பு

இந்த உருவத்துக்கெல்லாம் ஒரே காரணம்தான்: மீனைத் துரத்திப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான பறவைகளின் எலும்புகளில் காற்றறைகள் இருக்கும். லூனின் எலும்புகள் பலவும் கெட்டியானவை. இறகுகளுக்கு இடையே உள்ள காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கிவிடும். கால்கள் உடம்பின் கடைக்கோடியில் இருப்பதால், கப்பலின் உந்துவிசிறிபோல் பின்னாலிருந்து தள்ளுகின்றன. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மேலே வந்துவிடும். ஆனால் தேவைப்பட்டால் 60 மீட்டர் ஆழம் வரை போகக்கூடியது.

இதற்கு அது கொடுத்த விலை தரை. நிமிர்ந்து நடக்க முடியாது. மார்பால் தள்ளித் தள்ளி ஊர்ந்துதான் போக வேண்டும். மூன்று முதல் ஆறு கிலோ எடை. அதற்கேற்ற பெரிய சிறகும் இல்லை. ஆகவே எழும்பிப் பறக்கத் தண்ணீர்ப் பரப்பில் நெடுந்தூரம் ஓட வேண்டும். காற்று இல்லாத நாளில் சில நூறு மீட்டர்கூட ஆகலாம். மழையில் நனைந்து மின்னும் சாலையையோ வாகன நிறுத்துமிடத்தையோ ஏரி என்று நம்பி இறங்கிவிட்டால் கதை முடிந்தது. யாராவது தூக்கிப் போய்த் தண்ணீரில் விட்டால்தான் பிழைக்கும்.

கூடும் அதனால்தான் நீர்விளிம்பை ஒட்டியே இருக்கும். வழக்கமாக இரண்டு முட்டைகள். தாயும் தந்தையும் மாறி மாறி ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும். அணையால் நீர்மட்டம் உயர்ந்தாலும், மோட்டார் படகு கிளப்பும் அலை அடித்தாலும் முட்டை போய்விடும். நியூ ஹாம்ப்ஷயரில் 1975 முதல் இயங்கும் லூன் பாதுகாப்புக் குழு, நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவைக் கூடுகளை ஏரிகளில் வைப்பது இதற்காகத்தான்.

பொரித்த குஞ்சுகள் பெற்றோரின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும். குளிருக்கும், கீழிருந்து கவ்வும் மீனுக்கும், மேலிருந்து பாயும் கழுகுக்கும் அதுவே பாதுகாப்பு. பெற்றோரின் அலகைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்: 2019-ல் மெய்ன் மாநிலத்தில் இறந்து கிடந்த வெண்தலைக் கழுகு ஒன்றைச் சோதித்தபோது, அதன் இதயத்தைத் துளைத்தது ஒரு லூனின் அலகு என்று தெரியவந்தது.

ஏரிக்கு உரிமை கோரும் குரல்

லூனைக் கண்ணால் காணும்முன் காதால் கேட்டவர்களே அதிகம் இருப்பார்கள். அதற்கு நான்கு வகைக் குரல்கள் உண்டு. தூரத்தில் இருக்கும் துணையை அழைக்கும் நீண்ட ஊளை. பயத்திலும் பதற்றத்திலும் நடுங்கி ஒலிக்கும் பைத்தியச் சிரிப்பு. குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளும் மெல்லிய முனகல். நான்காவது, ‘இது என் ஏரி’ என்று ஆண் மட்டும் எழுப்பும் முழக்கம். ஒவ்வோர் ஆணுக்கும் முழக்கம் வேறு. ஓர் ஆண் வேறு ஏரிக்குக் குடிபெயர்ந்தால் தன் முழக்கத்தையும் மாற்றிக்கொள்கிறது என்று விஸ்கான்சினில் நடந்த ஆய்வு காட்டியது. லூன்கள் ஆயுள் முழுக்க ஒரே துணையோடு வாழும் என்ற நம்பிக்கையையும் அங்கு நடந்த ஆய்வுகள் உடைத்தன. அவை விடாப்பிடியாகப் பற்றியிருப்பது துணையை அல்ல, ஏரியை. அதற்காக ஆண்கள் சாகும்வரைகூடச் சண்டையிடுகின்றன.

ஒரு சிறு ஈயக் குண்டு

கழுகையே வீழ்த்தும் பறவையை ஒரு சிறிய ஈயக் குண்டு கொன்றுவிடுகிறது. இரையை அரைக்க லூன் சிறு கற்களை விழுங்கும். அறுந்து விழுந்த தூண்டில் ஈயத்தைக் கல் என்று எடுத்து விழுங்கினாலும், ஈயம் கோத்த தூண்டிலோடு மீனை விழுங்கினாலும் முடிவு ஒன்றுதான். அரைவைப்பையில் ஈயம் தேய்ந்து கரைந்து ரத்தத்தில் கலக்கும். சில வாரங்களில் பறவை செத்துப்போகும். நியூ ஹாம்ப்ஷயரில் இறந்து கிடைத்த வளர்ந்த லூன்களின் சாவுக்கு முதன்மைக் காரணம் ஈயமே. அந்த மாநிலம் 2000 முதல் ஏரிகளில் ஈயக் குண்டுகளைக் கட்டுப்படுத்தியது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைவான ஈயத் தூண்டில் எடைகளுக்குத் தடை உண்டு. ஆனால் பூங்கா எல்லைக்கு வெளியேதான் ஏரிகள் அதிகம்.

கோடை விடுமுறையில் ஒன்ராறியோ ஏரிகளுக்குத் தூண்டிலோடு கிளம்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடு இருக்கும் கரையை விட்டுப் படகை விலக்கி, மெதுவாக ஓட்டுங்கள். பெட்டியில் இருக்கும் ஈயக் குண்டுகளை எடுத்துவிட்டு எஃகு, வெள்ளீயம் அல்லது டங்ஸ்டன் குண்டுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். செலவு கொஞ்சம் கூடும். அது சில லூனிகளோடு முடிந்துவிடும்.