எபிசோட் 41: மிடி ஏன் தாளம் தப்புது?

[எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.]

இன்னைக்கு மிடி டைமிங் பத்திப் பேசப்போறோம். காரணம், நான் பண்ணின ஒரு தப்பு.

லைட் மியூசிக் ட்ரூப்ல ரிதம் பேட் வாசிக்கிற ஒரு அண்ணன் எனக்குப் பழக்கம். இருபது வருஷமா மேடையில் இருக்கிறவர். அவருக்காக பைத்தான்ல ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். லேப்டாப்பிலிருந்து யூஎஸ்பி மிடி கேபிள் வழியா ஒரு சவுண்ட் மாட்யூலுக்கு நோட் போகும், மாட்யூல் ஷேக்கர் வாசிக்கும், அதுக்கு மேல அண்ணன் வாசிப்பார். ரெண்டு ரிகர்சல் முடிஞ்சதும் போன் பண்ணினார். "வயசாயிடுச்சு போல தம்பி. லயம் நிக்க மாட்டேங்குது. இந்த நிகழ்ச்சிக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றார்.

எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. முதல்ல மெஷினைச் சோதிச்சுடுவோம்னு கிளம்பினேன்.

ஒரு நோட்டுக்கு ஒரு மில்லிசெகண்ட்

முதல் சந்தேகம் கம்பி மேலதான். மிடி 1983-ல வந்தது. அதோட வேகம் செகண்டுக்கு 31,250 பிட். ஒரு பைட்டை அனுப்ப முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு சேர்த்து 10 பிட் ஆகும். அதாவது ஒரு பைட்டுக்கு 320 மைக்ரோசெகண்ட். ஒரு நோட்டைத் தொடங்கச் சொல்ல 3 பைட் வேணும், ஆகக் கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட். வரிசையா ஒண்ணு போனபிறகுதான் அடுத்தது. ஒரே நேரத்துல பத்து நோட் அனுப்பினா, கடைசி நோட் முதல் நோட்டுக்கு 9 மில்லிசெகண்ட் பின்னாடிதான் வரும். அதனாலதான் டிரம்ஸ் நோட்டை முதல்ல அனுப்பு, நீட்டி ஒலிக்கிற ஸ்டிரிங்ஸை அப்புறம் அனுப்புன்னு சொல்வாங்க.

ஆனா என் புரோகிராம் ஒரு நேரத்துல ஒரே ஒரு ஷேக்கர் நோட்தான் அனுப்புது. கம்பி மேல குத்தம் இல்லை.

லேட்டன்சி வேற, ஜிட்டர் வேற

பால்காரர் 6 மணிக்கு வரணும், தினமும் 6:10-க்கு வர்றார். நாம காபியைப் பத்து நிமிஷம் தள்ளிப் போட்டுக்குவோம், வாழ்க்கை ஓடும். இதுதான் லேட்டன்சி. ஒரு நாள் 6 மணி, ஒரு நாள் 6:15, ஒரு நாள் 6:07-னு வந்தா? அதுக்குப் பேர் ஜிட்டர்.

ஒலி 1 மில்லிசெகண்ட்ல ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். எல்லா அடியும் 10 மில்லிசெகண்ட் தாமதமா வந்தா, ஸ்பீக்கரிலிருந்து மூணரை மீட்டர் தள்ளி நிக்கிற மாதிரிதான். வாசிக்கிறவங்க பழகிடுவாங்க. அடிக்கு அடி மாறுற தாமதத்துக்கு யாராலயும் பழக முடியாது.

அளந்து பார்த்தேன்

சவுண்ட் மாட்யூலோட ஆடியோவை 48,000 சாம்பிள்ல ரெக்கார்ட் பண்ணினேன். 48 சாம்பிள்னா 1 மில்லிசெகண்ட். டெம்போ 110, ஒரு பீட்டுக்கு நாலு ஷேக்கர் அடி. அப்போ ஒவ்வொரு இடைவெளியும் 136.4 மில்லிசெகண்ட், அதாவது 6,545 சாம்பிள் இருக்கணும்.

ஒண்ணுகூட அப்படி இல்லை. சில இடைவெளி 6,000 பக்கம், மத்ததெல்லாம் 6,750 பக்கம். மில்லிசெகண்ட்ல சொன்னா 125, இல்லாட்டி 140.6. நடுவுல எதுவுமே இல்லை.

புரோகிராமர்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். விண்டோஸோட சாதாரண டைமர் செகண்டுக்கு 64 தடவைதான் துடிக்கும், 15.625 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. நான் 'ஸ்லீப்' போட்டுத் தூங்க வெச்ச புரோகிராம், அந்தத் துடிப்பு வந்தாத்தான் எழும். 8 துடிப்புன்னா 125. 9 துடிப்புன்னா 140.6. பதினோரு இடைவெளியில் மூணு குட்டை, எட்டு நெட்டை. கூட்டினா மிகச் சரியா 1,500 மில்லிசெகண்ட்!

மொத்த டெம்போ சரி, அதனால யாருக்கும் மெஷின் மேல சந்தேகம் வரலை. ஒவ்வொரு அடியும் ஆடுது, அதை உணர்ந்தவர் தன் கையைச் சந்தேகப்பட்டிருக்கார்.

என் வீட்ல ஏன் நல்லா ஓடுச்சு? ரெண்டு பேர்கிட்டயும் பழைய விண்டோஸ் 10. அதுல ஒரு புரோகிராம் டைமர் வேகத்தைக் கூட்டிக் கேட்டா, மொத்த கம்ப்யூட்டருக்கும் கூடும். நான் டெஸ்ட் பண்ணும்போது பின்னாடி பிரவுசர் ஓடிட்டிருந்தது. அண்ணன் லேப்டாப்ல வேற எதுவும் திறக்கலை.

கடிகாரம் கம்பிக்குப் பக்கத்துல இருக்கட்டும்

இது பழைய பிரச்சினை. அந்தக் கால ஐபிஎம் பிசியோட டைமர் செகண்டுக்கு 18.2 தடவைதான் துடிக்கும். 1984-ல ரோலண்ட் கொண்டுவந்த எம்பியூ-401-க்குள்ள தனி பிராசசர் இருந்தது. கம்ப்யூட்டர் நோட்டையும் அதோட நேரத்தையும் முன்கூட்டியே கொடுத்துடும், சரியான நொடியில் வெளியே விடுறது பெட்டியோட வேலை. பின்னாடி வந்த பல மலிவான கார்டுகள் இந்தப் புத்திசாலி மோடை விட்டுட்டு, வந்ததை அப்படியே அனுப்புற மோடை மட்டும் வெச்சுக்கிட்டாங்க.

யூஎஸ்பி வந்தபோதும் அதே கதை. சாதாரண யூஎஸ்பி மிடி பாக்கெட்ல நேர முத்திரை கிடையாது. அதனால மோட்டு, இமேஜிக், ஸ்டைன்பெர்க் மூணு பேரும் நேரம் குறிச்சு அனுப்ப ஆளுக்கொரு வழி வெச்சாங்க. 2020-ல வந்த மிடி 2.0-லயும் ஜிட்டரைக் குறைக்கத் தனி நேர முத்திரை இருக்கு. எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான்: முன்னாடியே முடிவு பண்ணு, நேரத்தைக் குறிச்சுக் கொடு, கம்பிக்குக் கிட்ட இருக்கிறவன் அனுப்பட்டும்.

நீங்க புரோகிராம் எழுதினா, மேக்ல கோர்மிடி பாக்கெட்லயே நேரம் போடலாம். லினக்ஸ்ல ஆல்சா சீக்வென்சர் வரிசை இருக்கு. பிரவுசர்ல வெப் மிடியோட 'சென்ட்' ரெண்டாவதா நேரத்தை வாங்கிக்கும். பலர் அதைக் காலியா விட்டுடறாங்க. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க, இது முன்கூட்டியே தெரிஞ்ச நோட்டுக்குத்தான் உதவும். கையால வாசிக்கிறதை முன்னாடியே குறிக்க முடியாது.

நான் பண்ணினது ரொம்ப எளிமை. டைமரை 1 மில்லிசெகண்டுக்குக் கூட்டினேன். கடைசி 2 மில்லிசெகண்ட் தூங்காம முழிச்சிருந்து நேரத்தைப் பார்க்க வெச்சேன். மறுபடி அளந்தா, எல்லா இடைவெளியும் 6,545-க்கு 60 சாம்பிள் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒரு மில்லிசெகண்டும் கொஞ்சமும்தான்.

உங்க செட்டப்பையும் இப்படியே அளந்து பாருங்க. காதுக்கு நல்லாருக்குன்னு விட்டுடாதீங்க, எந்த மெஷின்ல ஓடப்போகுதோ அதே மெஷின்ல ரெக்கார்ட் பண்ணிச் சாம்பிளை எண்ணுங்க.

அண்ணன்கிட்ட ரெண்டு ரெக்கார்டிங்கையும் போட்டுக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அப்ப என் கை சரியாத்தான் இருந்துச்சா?" என்றார். சரியாத்தான் இருந்துச்சுண்ணா.

நிகழ்ச்சிக்கு அவரேதான் வாசிச்சார். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.