வழியும் குடியும்

‘ஆறு’ என்பதற்கு வழி என்றும் பொருளுண்டு. ஆற்றுப்படை இலக்கியங் கற்பிக்குந்தோறும் இதனை மாணாக்கர்க்கு உரைப்பேன். “வழியே இல்லாத ஊருக்கு யார் ஆற்றுப்படை பாடுவார், ஐயா?” என்று ஒரு மாணவன் வினவினான். அவ்வினா என்னை விட்டு அகலவில்லை.

பாரத நாடு 2000ஆம் ஆண்டிலே பிரதம மந்திரி கிராம வீதித் திட்டத்தைத் தொடங்கியது. சமவெளியில் 500 பேரும், மலைநாடு, பாலை, பழங்குடியினர் பகுதிகளில் 250 பேரும் வாழுங் குடியிருப்புகளுக்கு, மழையிலும் பயன்படும் வீதி அமைப்பது அதன் விதி. 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பே அளவுகோல். ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகள் அதனால் வீதி பெற்றன. போற்றத்தக்க பணியே.

ஆயினும், 240 பேர் வாழும் ஒரு மலைச் சிற்றூரை எண்ணிப் பாருங்கள். நோயாளியைக் கட்டிலிற் கிடத்தித் தோளிற் சுமந்து இறங்கவேண்டும். மேல்வகுப்புக்குச் சென்ற பிள்ளை நகரிலேயே தங்குவான், பெற்றோரும் பின்தொடர்வர். அடுத்த கணக்கெடுப்பில் அவ்வூர் இன்னுஞ் சிறுத்திருக்கும்.

இது வெறுங் கற்பனையன்று. உத்தராகண்டத்துப் பௌரி, அல்மோரா மாவட்டங்களில் 2001க்கும் 2011க்கும் இடையே சனத்தொகையே குறைந்தது. தொழிலும் கல்வியும் வைத்தியமும் தேடி மக்கள் மலையிறங்கினர். 2024இல் அங்கீகாரம் பெற்ற நான்காங் கட்டத்துக்கோ அந்த 2011ஆம் ஆண்டுக் கணக்கே அளவுகோலாயிற்று.

குடி குறைவு, ஆதலின் வீதியில்லை என்பர். வீதியில்லை, ஆதலின் குடி குறைந்தது என்பேன் யான். தலையெண்ணி வழி வகுப்பது கணக்கர் தொழில். கடைசிக் குடி பெயருமுன் வழி வகுப்பதே அரசின் அறம். அம்மாணவனுக்கு யான் கூறக்கூடிய விடை இதுவே.