சுவரை அலங்கரிக்கும் ஒபி

ஜப்பானியரின் மரபுடையான கிமோனோவின் மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டையே ஒபி. பெண்களின் சம்பிரதாய ஒபி சுமார் 30 சென்டிமீட்டர் அகலமும் நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் கொண்டது. கொக்கு, பைன் மரம், செவ்வந்தி, விசிறி, அலை என மங்கலச் சின்னங்கள் அதில் நெய்யப்பட்டிருக்கும். அன்றாட உடையாகக் கிமோனோ அணிவது குறைந்துவிட்டதால், குடும்பப் பெட்டிகளில் கிடந்த ஒபிகள் பழம்பொருள் சந்தைக்கு வருகின்றன. கியோட்டோவில் மாதந்தோறும் 21ஆம் தேதி தோஜி கோயிலிலும், 25ஆம் தேதி கிதானோ தென்மாங்கு கோயிலிலும் கூடும் சந்தைகளில் இவற்றைக் காணலாம். அவற்றுக்கு இன்று கிடைத்திருக்கும் மறுவாழ்வுகளில் ஒன்று சுவர் அலங்காரம்.

ஒபி நெசவுக்குப் பெயர்பெற்ற இடம் கியோட்டோவின் நிஷிஜின். ஓனின் போரில் (1467–1477) சிதறிய நெசவாளர்கள், போர் ஓய்ந்ததும் அங்கே குடியேறித் தறி போட்டனர். 1872இல் நிஷிஜினிலிருந்து பிரான்சின் லியோன் நகருக்கு அனுப்பப்பட்டவர்கள், வடிவ நெசவை இயந்திரமயமாக்கிய ஜக்கார்டு தறி நுட்பத்தைக் கற்றுவந்தனர். ஆனாலும் சுசுரே என்னும் நெசவு கைவேலையாகவே நீடிக்கிறது. நெசவாளர் தம் விரல் நகங்களை ரம்பப் பல்போல் அராவிக்கொண்டு, அந்த நகங்களாலேயே ஊடை நூலை வாரி நெருக்குகிறார். பழைய ஒபிகளில் மின்னும் பொன்னிழை பெரும்பாலும் உலோகக் கம்பியன்று. ஜப்பானியக் காகிதத்தில் தங்கத் தகடு ஒட்டி, மெல்லிய கீற்றாக நறுக்கிய இழை.

ஒபியின் வடிவங்கள் இடம் பார்த்து நெய்யப்படுபவை. முதுகுப்புறம் தைகோ என்னும் கட்டாக முடியும்போது வெளியே தெரியும் சதுரத்தில் முழு உருவமும் விழுமாறு நெசவாளர் அளந்து வைக்கிறார். ஆகவே சட்டத்துக்குப் பொருத்தமான படம் பல ஒபிகளில் தயாராகவே இருக்கிறது. சிலவற்றில் நீளம் முழுக்கப் பூவேலை இருக்கும். சிலவற்றில் உள்ளே மறையும் பகுதி வெறுமையாக இருக்கும். வாங்கும்போதே முழுவதும் விரித்துப் பார்ப்பது நல்லது.

வேலை தொடங்குமுன் கறை, பூச்சியரிப்பு, மடிப்பில் நைந்த இடம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். தண்ணீரில் நனைக்கவே கூடாது. பட்டு சுருங்கும், பொன்னிழை உரியும். வெயில் படாத காற்றில் உலர்த்தினால் பெட்டி வாடை தணியும். சுருக்கம் நீக்க, பின்பக்கம் பருத்தித் துணி விரித்து, மிதமான சூட்டில் நீராவியின்றி இஸ்திரி போடலாம்.

மாட்டுவதற்கு மூன்று முறைகள் உண்டு. முழு ஒபியையும் தொங்கவிட, மேல்முனையின் பின்பக்கம் பருத்தித் துணியால் உறை தைத்து அதில் மரக்கோலைச் செருகலாம். பாரம் ஓரிடத்தில் இழுக்காமல் பரவும். இரண்டாவது, மரச்சட்டத்தில் இழுத்துப் பொருத்துவது. இருபுறமும் மூன்று சென்டிமீட்டர் மடித்தாலே 30 சென்டிமீட்டர் துணியில் 24தான் கண்ணுக்குத் தெரியும். ஓரங்களில் பருத்தி நாடா தைத்து, நாடாவை மட்டும் மடித்து ஆணியடித்தால் முழு அகலமும் கிடைக்கும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி இழுத்தால் வடிவம் கோணாது. மூன்றாவது, கண்ணாடிச் சட்டம். துணியை அமிலமற்ற அட்டையில் பசையின்றித் தைத்துப் பொருத்தி, கண்ணாடி துணியைத் தொடாதபடி இடைவெளி விட வேண்டும்.

பட்டின் முதல் எதிரி ஒளி. அருங்காட்சியகங்கள் பட்டுத் துணிகளைச் சுமார் 50 லக்ஸ் அளவுள்ள மங்கிய ஒளியில்தான் காட்சிக்கு வைக்கின்றன. வீட்டிலும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், சமையலறை, ஈரம் ஏறும் சுவர் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

கையால் நெய்த, சேதமில்லாத பழைய ஒபி கிடைத்தால் அதை வெட்டாமல் முழுதாகத் தொங்கவிடுவதே முறை. கத்தரிக்கோல், கறைபட்டோ கிழிந்தோ இனிக் கட்ட முடியாமல் போன ஒபிக்கு மட்டுமே உரியது. அத்தகைய துணியிலும் நல்லதாக எஞ்சியிருக்கும் ஒரு முழம், ஒரு நெசவாளரின் திறமையைக் காட்டப் போதுமானது.