தனிக்குடித்தனம், பொதுக் கிணறு

ராஸ்பெரி பை கணினியில் பைத்தான் நிரல் எழுதுகிறவர்களுக்கு 2023 அக்டோபரில் ஒரு புதுச் சிக்கல் வந்தது. அந்த மாதம் வெளியான 'புக்வோர்ம்' இயங்குதளத்தில், பேக்கேஜ்களை நிறுவும் 'பிப்' கருவிக்கு வழக்கம்போல 'பிப் இன்ஸ்டால்' என்று கட்டளை அடித்தால் பேக்கேஜ் இறங்கவில்லை. இந்தப் பைத்தானை இயங்குதளம் நிர்வகிக்கிறது, மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவிக்கொள்ளுங்கள் என்று பிழைச் செய்தி வந்தது. சொன்னபடி சூழலை உருவாக்கினால், கேமராவை இயக்கும் 'பைகேமரா2' அதற்குள் இல்லை. கணினியில் இருக்கும் பேக்கேஜ், சூழலின் கண்ணுக்கு மட்டும் படவில்லை.

தடைக்குக் காரணம் இருக்கிறது. புக்வோர்ம் போன்ற டெபியன் வகை லினக்ஸில் இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தானில் எழுதப்பட்டவை. அவை நம்பியிருக்கும் பேக்கேஜை 'பிப்' வேறு பதிப்பாக மாற்றிவிட்டால், அந்தக் கருவிகளே பழுதாகலாம். அதனால்தான் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிச் சூழல். இயன் பிக்கிங் 2007இல் உருவாக்கிய 'வர்ச்சுவல்என்வ்' இதைப் பரவலாக்கியது. 2012இல் வந்த பைத்தான் 3.3 முதல் 'வென்வ்' என்ற பெயரில் இந்த வசதி மொழியோடு சேர்ந்தே வருகிறது.

இது தனிக்குடித்தனம் போல. அடுப்பும் பாத்திரமும் தனி. கிணறு மட்டும் பொது. வெளியே உள்ள பேக்கேஜ்கள் தெரியாதபடி பூட்டிய சூழலும்கூட 'மேத்', 'ஜேசன்' போன்ற அடிப்படை நூலகங்களை மூலப் பைத்தானிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. பிரித்து வைக்கப்படுவது, பின்னர் நிறுவும் பேக்கேஜ்கள் மட்டுமே.

அந்தப் பிரிவினையும் ஓர் உரைக்கோப்பில் உள்ள ஒற்றை வரிதான். சூழலின் கோப்புறையில் 'பைவென்வ்.சிஎஃப்ஜி' என்ற கோப்பு இருக்கும். பைத்தான் தொடங்கும்போதே அதைப் படிக்கிறது. 'இன்க்ளூட்-சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்' என்ற வரியில் 'ஃபால்ஸ்' என்றிருந்தால் பொதுப் பேக்கேஜ்கள் தெரியாது. 'ட்ரூ' என்றால் தெரியும். சூழலை உருவாக்கும் கட்டளையில் '--சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்' என்று சேர்த்தால் இந்த வரி 'ட்ரூ' ஆகிவிடும். பழைய சூழல் என்றால் கோப்பைத் திறந்து அந்த ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

வழி திறந்தாலும் அது ஒருவழிப் பாதையே. பேக்கேஜ் தேடும்போது சூழலின் சொந்தக் கோப்புறைக்கே முதலிடம். அங்கே இல்லாவிட்டால்தான் பொது இடம். சூழலுக்குள் புதிய பதிப்பை நிறுவினால் அது பழையதை மறைக்கும், அழிக்காது. வெளியே உள்ள பேக்கேஜை உள்ளிருந்து நீக்கச் சொன்னாலும் 'பிப்' மறுத்துவிடும்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. புக்வோர்மோடு வரும் 'நம்பை' என்ற கணக்கீட்டு நூலகம் 1.24ஆம் பதிப்பு. அதற்கேற்பத் தொகுக்கப்பட்ட பொதுப் பேக்கேஜ்களை வைத்துக்கொண்டே, சூழலுக்குள் நம்பை 2ஐ நிறுவினால் இரண்டும் ஒத்துப்போகாமல் நிரல் பாதியில் நிற்கக்கூடும். இன்னொன்று, தேவையான பேக்கேஜ் வெளியே இருந்தால் 'பிப்' அதைப் போதுமென்று விட்டுவிடும். அந்த நிரல் உங்கள் கணினியில் ஓடும். நண்பரின் கணினியில் ஓடாது.

ஆகவே, 'பிப்' மூலம் எளிதில் கிடைக்கும் பேக்கேஜுக்காக வழியைத் திறக்க வேண்டாம். பைகேமரா2 போல வன்பொருளோடும் இயங்குதளத்தோடும் பிணைந்தவற்றுக்கு மட்டும் திறப்பதே முறை. திறந்த பிறகு 'பிப் லிஸ்ட் --லோக்கல்' என்று அடித்து, எது சொந்தம், எது பொது என்று பிரித்துப் பாருங்கள். நிரலை மற்றவருக்குத் தரும்போது இரண்டு பட்டியலையும் சேர்த்தே கொடுங்கள்.